ஜிலேபி மீன் சாப்பிட்டா ஹார்மோன் ஏறுமா? பண்ணைக் குஞ்சுகள் ஆணாக மாறும் 21 நாள் கதை!

`பண்ணை மீனுக்கு ஹார்மோன் குடுக்குறாங்க. அதைச் சாப்பிட்டா நம்ம உடம்புலயும் ஹார்மோன் ஏறிடும். உடனே எல்லா குரூப்புக்கும் ஷேர் பண்ணுங்க!'

இந்த மாதிரி ஒரு ஃபார்வர்டு உங்கள் ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கலாம். பிராய்லர் கோழிக்கு அடுத்தபடியாக இந்தப் பழியில் மாட்டிக்கொண்டிருப்பது நம்ம ஜிலேபி கெண்டைதான். சூப்பர் மார்க்கெட்டில் `திலேப்பியா' என்று முள் நீக்கி விற்கப்படுவதும் இதே குடும்பத்து மீன்தான்.

கோழி விஷயத்தில் `ஹார்மோன் ஊசி' என்பது வெறும் கட்டுக்கதை. ஆனால், மீன் விஷயம் அப்படியல்ல. திலேப்பியா பண்ணைத் தொழிலில் ஹார்மோன் கலந்த தீவனம் உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்ட பெண் குஞ்சுகள் ஆணாக வளர்வதும் உண்மை. `அதனால் உங்கள் தட்டில் ஹார்மோன் இருக்கிறது' என்பதுதான் தவறு. சொல்லப்போனால், இந்த விஷயத்தில் நாம் கவலைப்பட வேண்டிய இடமே வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெண் மீன் மேல் அப்படி என்ன கோபம்?

கோபமெல்லாம் இல்லை, கணக்குதான்.

திலேப்பியா ரொம்ப சீக்கிரம் வயதுக்கு வரும் மீன். குளத்தில் விட்ட மூன்று, நான்கு மாதங்களில், 100 கிராம் எடைகூடத் தொடாத நிலையிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். ஆண் மீன் தரையில் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, அத்தனை முட்டைகளையும் அள்ளித் தன் வாய்க்குள் வைத்துக்கொள்ளும். முட்டை பொரிந்து, குஞ்சுகள் தானாக நீந்தும்வரை தாயின் வாய்தான் தொட்டில். இதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதுவரை தாய் மீன் ஏறக்குறைய பட்டினிதான். இந்தச் சுற்று முடிந்த சில வாரங்களில் அடுத்த சுற்று ஆரம்பித்துவிடும்.

இதில் பண்ணைக்காரருக்கு இரண்டு நஷ்டம். ஒன்று, தின்ற தீவனமெல்லாம் முட்டைக்கும் பட்டினிக்கும் போய்விடுவதால் பெண் மீன் எடை போடாது. ஆண் மீன் அதே காலத்தில் நன்றாகப் பெருத்துவிடும். இரண்டு, ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பிறக்கும் குஞ்சுகள் குளத்தில் நிரம்பி, தீவனத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் போட்டிபோடும். அரை கிலோ மீனை எதிர்பார்த்து வலை வீசினால், கையளவு பொடி மீன்தான் மேலே வரும். அதைச் சந்தையில் யாரும் விலைகொடுத்து வாங்க மாட்டார்கள்.

ஆக, குளம் முழுக்க ஆண் மீன்களாகவே இருந்தால் இரண்டு பிரச்னையும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். ஆனால், இயற்கையில் பிறக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி பெண்தானே? அங்கேதான் ஹார்மோன் உள்ளே வருகிறது.

பெண்ணை ஆணாக்க முடியுமா என்ன?

மனிதர்களை வைத்து யோசித்தால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். மீன்களின் உலகம் வேறு. நீங்கள் விரும்பிச் சாப்பிடும் கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். களவா இதற்கு நேர் எதிர். பெண்ணாக வாழ்ந்து, பெரிதானதும் ஆணாக மாறும். இதையெல்லாம் எந்த ஹார்மோன் தீவனமும் செய்யவில்லை. இயற்கையே செய்கிறது.

திலேப்பியா இப்படி வயதான பிறகு மாறுவதில்லை. ஆனால், அதற்கும் ஒரு இடைவெளி உண்டு. நைல் திலேப்பியாவில் நம்மைப்போலவே எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். பொரிந்த புதிதில் குஞ்சின் உடலில் சூலகமும் இருக்காது, விந்தகமும் இருக்காது. எதுவாகவும் மாறக்கூடிய ஒரு சின்னத் திசு மட்டும் இருக்கும். அடுத்த சில வாரங்களில்தான் `நான் எதுவாக வளர வேண்டும்?' என்று அது முடிவெடுக்கும். அந்த நேரம் பார்த்து ஆண் ஹார்மோன் கிடைத்தால், எக்ஸ்எக்ஸ் குஞ்சும் விந்தகத்தோடு வளரும். மரபணு மாறவே இல்லை. உடல் மட்டும்தான் ஆண்.

ஜப்பானில் டோக்கியோ யமமோட்டோ என்ற விஞ்ஞானி 1950-களில் மெடாகா என்ற குட்டி மீனை வைத்து இதை நிரூபித்தார். 1968-ல் திலேப்பியா குஞ்சுகளுக்கு ஹார்மோன் கொடுத்து ஆணாக்கிய ஆய்வு வெளியானது. 1970-களில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ரஃபேல் குரேரோ, தீவனம் வழியாகக் கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பிறகு தாய்லாந்தில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகம், இதைப் பெரிய குஞ்சுப் பொரிப்பகங்கள் பயன்படுத்தும் அளவுக்கு வளர்த்தெடுத்தது. இன்று உலகம் முழுக்க 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் திலேப்பியா வளர்க்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி இந்த முறையில் வந்த ஆண் குஞ்சுகள்தான்.

அந்த 21 நாள்களில் நடப்பது என்ன?

ஹார்மோனின் பெயர் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன். இயற்கையான ஆண் ஹார்மோனில் சின்ன வேதியியல் மாற்றம் செய்து தயாரிக்கப்படுவது. மனிதர்களுக்கு மாத்திரையாகவும் தரப்பட்ட மருந்துதான்.

* ஒரு கிலோ தீவனத்துக்குப் பொதுவான அளவு 60 மில்லிகிராம். தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் எத்தனாலில் கரைத்து, மாவுபோல அரைத்த தீவனத்தில் கலப்பார்கள்.

* ஆல்கஹால் ஆவியாகும்வரை நிழலில் உலர்த்தி, குளிர்ச்சியான இடத்தில் வைப்பார்கள். வெயில் பட்டால் ஹார்மோன் வீணாகிவிடும்.

* அப்போதுதான் தானாக நீந்தத் தொடங்கிய குஞ்சுகளைச் சல்லடையில் சலித்து எடுப்பார்கள். நீளம் 14 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிய குஞ்சு ஏற்கெனவே `முடிவெடுத்திருக்கும்'.

* `ஹாப்பா' எனப்படும் நுண்வலைக் கூண்டுகளிலோ தொட்டிகளிலோ விட்டு, தினமும் நான்கைந்து முறை என 21 முதல் 28 நாள்களுக்கு இந்தத் தீவனத்தை மட்டும் கொடுப்பார்கள்.

எல்லாம் சரியாக நடந்தால், 95 சதவிகிதத்துக்கு மேல் ஆண் மீன்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு சாதாரணத் தீவனம்தான். குளத்தில் மீன் வளர்க்கும் விவசாயி இந்த ஹார்மோனைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். அவர் வாங்குவது, சிகிச்சை முடிந்த குஞ்சுகளை.

`60 மில்லிகிராமுக்கே ஆணாகுதுன்னா, 200 போட்டா இன்னும் நல்லா வருமே' என்று யாராவது கிளம்பினால், கதை தலைகீழாகிவிடும். மீனின் உடல் அதிகப்படியான ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோன் வகையாக மாற்றிவிடக்கூடும். அதனால் ஆணாக வேண்டியது பெண்ணாகிப்போகும். அமெரிக்காவில் பூனைமீன் குஞ்சுகளுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தபோது, கிடைத்தது பெண் மீன்கள்!

சரி, தட்டுக்கு வரும்போது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிகிச்சை முடியும்போது ஒரு குஞ்சின் எடை கால் கிராமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதுவரை அது அரை கிராம் தீவனம் தின்றதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஹார்மோன் 0.03 மில்லிகிராம். மனிதர்களுக்கான மாத்திரை ஒன்றில் இருப்பது 10 மில்லிகிராம். அதாவது, தின்ற ஹார்மோனில் ஒரு துளிகூட வெளியேறாமல் மீனுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு மாத்திரை அளவை எட்ட நீங்கள் 300 மீன்களுக்கு மேல் சாப்பிட வேண்டும்.

உண்மையில் அது தங்குவதும் இல்லை. கதிரியக்க அடையாளமிட்ட ஹார்மோனைக் கொடுத்து ஆராய்ந்தபோது, தீவனத்தை நிறுத்திய மூன்று வாரங்களில் குஞ்சின் உடலில் ஒரு சதவிகிதத்துக்கும் கீழேதான் மிச்சம் இருந்தது. அதன் பிறகுதான் ஐந்தாறு மாதம் வளர்ந்து, கால் கிராம் குஞ்சு அரை கிலோ மீனாகிறது. எடை மட்டும் 2,000 மடங்கு கூடுகிறது. மீன் வறுவலாகி உங்கள் தட்டுக்கு வரும்போது, அந்த ஹார்மோன் அளந்து பார்க்கும் அளவில்கூட இருக்க வாய்ப்பில்லை.

அதனால்தான், மாடுகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் தருவதைக் கறாராகத் தடை செய்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே, மீன் குஞ்சுகளின் பாலினத்தை மாற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் ஆண் ஹார்மோன் தருவதற்கு மட்டும் தனி விலக்கு எழுதிவைத்தது. அமெரிக்காவிலோ இது பல ஆண்டுகளாக, முழு அனுமதி பெற்ற மருந்தாக இல்லாமல், ஆய்வு அனுமதியின் கீழ் கண்காணிப்போடு பயன்படுத்தப்பட்டு வந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. இதெல்லாம் குஞ்சுப் பருவத்தோடு நிறுத்தினால்தான். `எடை கூடட்டும்' என்று வளர்ந்த மீனுக்கும் யாராவது ஹார்மோன் போட்டால், மேலே போட்ட கணக்கு செல்லாது. அதற்குத் தொழில்முறைத் தேவையும் இல்லை.

அப்போ பிரச்னையே இல்லையா? இருக்கு... ஆனா வேற இடத்துல!

ஃபார்வர்டு மெசேஜ் கண்டுகொள்ளாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அந்தத் தீவனத்தைக் கலக்கும் கை. இன்னொன்று, பொரிப்பகத்திலிருந்து வெளியேறும் தண்ணீர்.

*முதலில் கை.* குஞ்சுக்குள் போவது மில்லிகிராமில் சின்னப் பின்னம். ஆனால், தீவனம் கலக்கும் தொழிலாளியின் முன்னால் இருப்பது, கிராம் கணக்கில் சுத்தமான ஹார்மோன் பொடி. ஒரு கிராம் என்பது 100 மாத்திரைகளுக்குச் சமம். இது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது. ஆல்கஹாலில் கரைந்திருக்கும்போது தோலுக்குள் ஊடுருவுவது இன்னும் எளிது. இந்த வகை மருந்து தொடர்ந்து உடலில் சேர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு, முகத்தில் முடி, குரல் கனப்பது போன்றவை வரலாம. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. வயிற்றில் இருப்பது பெண் குழந்தையாக இருந்தால், அதன் பாலுறுப்பு வளர்ச்சியையே பாதிக்கக்கூடிய மருந்து இது.

இதற்கான தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல. கையுறை, முகக்கவசம், கண்ணாடி, காற்றோட்டமான இடம், கலப்பதற்கென்று தனிப் பாத்திரம். பக்கத்தில் நெருப்பு கூடாது, ஏனென்றால் எத்தனால் தீப்பிடிக்கும். மொத்தமும் சில நூறு ரூபாய் விஷயம். ஆனால், பணியாளருக்கு `இது வெறும் தீவனம் இல்லை, மருந்து' என்று யாராவது சொல்லியிருந்தால்தானே அவர் கையுறை போடுவார்? தொட்டியோரம் நின்று தினமும் நான்கைந்து முறை கையால் அள்ளித் தூவுவதும் அவர்தான்.

*அடுத்து தண்ணீர்.* போட்ட தீவனம் எல்லாவற்றையும் குஞ்சுகள் தின்றுவிடுவதில்லை. மிச்சமும் கழிவும் தொட்டியின் அடியில் சேரும். மண் தரையுள்ள குளங்களில், தீவனத்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் அடிச்சேற்றில் ஹார்மோன் தங்கியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால், அங்கே வாழும் மற்ற மீன்களும் அதே ஹார்மோனைச் சந்திக்கும். அவற்றுக்கு யாரும் 21 நாள் கணக்கு வைப்பதில்லை.

இதற்கும் வழி இருக்கிறது. சிகிச்சைத் தொட்டியின் நீரைக் கிளர்வுற்ற கரி வடிகட்டி வழியாகச் செலுத்தினால், ஹார்மோனைப் பெருமளவு பிடித்துவிடலாம். வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கும் அதே கரிதான். நீரைத் தேக்கிவைத்து, நுண்ணுயிர்கள் சிதைக்க நேரம் கொடுத்துவிட்டுத் திறப்பதும் உதவும். ஆக, ஒரு பொரிப்பகம் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? ஹார்மோன் பயன்படுத்துகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். கலப்பவர் கையில் கையுறை இருக்கிறதா, தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

ஹார்மோன் இல்லாம முடியாதா?

முடியும். ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

*கையால் பிரிப்பது:* வயிற்றின் கீழே உள்ள துளைகளைப் பார்த்து ஆண், பெண்ணைப் பிரிக்கலாம். ஆனால், மீன் ஓரளவு வளரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் வேண்டும். வளர்த்ததில் பாதியை ஒதுக்கவும் வேண்டும்.

*கலப்பினம்:* மலாக்காவில் ஹிக்லிங் என்ற ஆய்வாளர், இரண்டு திலேப்பியா இனங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஆண் குஞ்சுகளாகப் பிறப்பதை 1960-ல் வெளியிட்டார். ஆனால், தாய், தந்தை இனங்கள் கலப்பில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். பண்ணையில் அதைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையல்ல.

*`சூப்பர் மேல்':* எக்ஸ்ஒய் ஆண் குஞ்சைப் பெண் ஹார்மோன் மூலம் பெண்ணாக்கி, அதைச் சாதாரண ஆணோடு சேர்த்தால், பிறப்பவற்றில் சில ஒய்ஒய் ஆண்களாக இருக்கும். அந்த ஒய்ஒய் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால், பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாமே எக்ஸ்ஒய் ஆண்கள்தான். இங்கே ஹார்மோன் தொட்டது முன்தலைமுறையை மட்டும். விற்பனைக்கு வரும் மீன் அதை ருசி பார்த்ததே இல்லை. ஆனால், இந்த வம்சத்தை உருவாக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும்.

பிரிட்டனின் டிரௌட் மீன் பண்ணைகளில் இதே தந்திரம் தலைகீழாக நடக்கிறது. அங்கே ஆண் மீன் சீக்கிரம் முதிர்ந்து சதையின் தரம் கெட்டுவிடுவதால், பெண் மீனுக்குத்தான் மவுசு. அதனால் எக்ஸ்எக்ஸ் பெண்களை ஹார்மோன் மூலம் ஆணாக்கி, அவற்றின் விந்தணுவால் முட்டைகளைக் கருவுறச் செய்கிறார்கள். பிறப்பதெல்லாம் பெண். சந்தைக்கு வரும் மீனுக்கு ஹார்மோன் கொடுக்கப்படுவதே இல்லை.

நம்ம ஊர் ஜிலேபி எந்த ரகம்?

ஏரியிலும் கண்மாயிலும் வலைபோட்டுப் பிடிக்கிற ஜிலேபி பெரும்பாலும் மொசாம்பிக் திலேப்பியா. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆணும் பெண்ணுமாகக் கட்டுக்கடங்காமல் பெருகி நீர்நிலைகளை நிரப்பியதில், 1959-லேயே அதைப் பரப்பக் கூடாது என்று தடை வந்தது. அது தானாகப் பிறந்து வளர்வது. அதற்கும் ஹார்மோன் தீவனத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பண்ணைகளில் இப்போது பேசப்படுவது `கிஃப்ட்' திலேப்பியா. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில், நன்றாக வளரும் மீன்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நைல் திலேப்பியா ரகம் இது. பெயரில் `மரபணு' என்ற சொல் வருவதால் மரபணு மாற்றப்பட்ட மீன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நல்ல காளையைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதுபோலத்தான் இதுவும். 2009-ல் மத்திய அரசு வெளியிட்ட திலேப்பியா வளர்ப்பு வழிகாட்டுதல், ஆண் மீன்களை அல்லது மலட்டு மீன்களை மட்டுமே வளர்க்கச் சொல்கிறது. காரணம் எடை மட்டுமல்ல. வெள்ளத்தில் பண்ணைக் கரை உடைந்து மீன் ஆற்றுக்குப் போனாலும், 1950-களின் கதை திரும்பக் கூடாது என்பதும்தான். ஆனால், 95 சதவிகிதம் ஆண் என்றால் மீதி 5 சதவிகிதத்தில் பெண்ணும் இருக்கும். அதனால் வலையும் வேலியும் எப்போதுமே அவசியம்.

கட்லா, ரோகுவுக்கும் ஹார்மோன் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தால், அது வேறு விஷயம். தேங்கிய குளத்தில் தானாக முட்டையிடாத இந்தக் கெண்டை மீன்களைத் தூண்ட, தாய், தந்தை மீன்களுக்கு மட்டும் ஊசி போடுவார்கள். 1957 ஜூலை 10-ல் ஹீராலால் சௌத்ரி இதில் வெற்றிகண்டார். அதன் நினைவாகத்தான் ஜூலை 10-ஐத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அங்கே யாருடைய பாலினமும் மாறுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

* சாப்பிடுபவர் என்றால்: ஹார்மோன் பயத்தில் ஜிலேபியை ஒதுக்க வேண்டாம். செவுள் சிவப்பா, கண் தெளிவா, சதை அழுத்தினால் திரும்ப எழும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மீன் பிடிக்கப்பட்டது சாக்கடை கலக்கும் ஏரியா, நல்ல தண்ணீரா என்பதுதான் இதைவிட முக்கியமான கேள்வி.

* மீன் வளர்க்கும் ஐடியாவில் இருப்பவர் என்றால்: யூடியூப் பார்த்து வீட்டில் ஹார்மோன் கலக்கும் வேலையே வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட பொரிப்பகத்தில், சிகிச்சை முடிந்த குஞ்சுகளாக வாங்குங்கள். திலேப்பியா வளர்க்க அனுமதி தேவை என்பதால், முதலில் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

* பொரிப்பகத்தில் வேலைக்குப் போகிறவர் என்றால்: கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ, தீவனம் கலக்கும் வேலையை மாற்றித் தரச் சொல்லுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

அந்த ஃபார்வர்டு மறுபடியும் குரூப்பில் வந்தால், `தட்டைப் பார்க்காதீங்க, தீவனம் கலக்குறவங்க கையைப் பாருங்க' என்று ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள்.